ஆற ஒன்பது மணி நேரம்

சஜாவில் மூன்றாம் எண் ஷெட்டுக்கு
சங்கிலி போட்டுக் கட்டி, லாரியில் வந்தது.
இறக்கும்போது கிரேன்காரன் கேட்டான்:
இவ்வளவுதானா?
இரண்டடி அகலத் தண்டவாளத்து வண்டி.
எட்டிக் கைநீட்டினால்
புகைபோக்கியின் விளிம்பு தட்டுப்படும்.

கல் சுமந்தது.
குவாரியிலிருந்து துறைமுகத்துக்கு
நாளைக்குப் பதினொரு நடை,
கடலிடம் இதோடு நில் என்று சொல்வதற்கு.
போர்க்காலத்தில் கரிக்கப்பல் வராதபோது
பேரீச்சை மட்டை, உடைந்த படகின் பலகை,
மணலில் காய்ந்த மத்திமீன்கூட எரித்திருக்கிறார்கள்.
பதிவேட்டின் உருதுவை
ஃபோர்மேன் குல்ஜமான் வாசித்துச் சொன்னார்.
எழுதியவன் முராத் பக்ஷ்.
மீனைப் பற்றி ஒரே வரி:
இழுக்கிறது, நாறுகிறது.

திருவெறும்பூரில் குழாய் ஒட்டப் பழகியவன் நான்.
ஹம்ரியாவில் எண்ணெய்த் தொட்டிகளின் வயிற்றில்
பதினாலு வருஷம்.
இதன் வாசல் அவற்றைவிடச் சின்னது.
ஒரு கை, தலை, பிறகு மறுகை,
இடுப்பு சிக்கினால் மூச்சை வெளியே விடணும்.
ஃபயர்பாக்ஸைத் தீப்பெட்டி என்று சொல்லிவிட்டேன்.
வெளியிலிருந்து பூவலிங்கம்:
அப்ப நீங்கதாண்ணே கடைசிக் குச்சி,
உரசிராதீங்க.

குழாய்களை உருவினோம், நாற்பத்தாறு.
எல்லாம் உவர்நீர் குடித்தவை.
உளி பட்டதும் ஓடு ஓடாகப் பிளந்தது படிவு,
வெள்ளை, சாம்பல், துருச்சிவப்பு, மறுபடி வெள்ளை.
சாம்பல் அடுக்கு மீன் எரித்த வருஷம் என்றான் பூவலிங்கம்.
இல்லை. தீ ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம்,
நடுவில் தகடு. ஒன்றின் கதை மற்றதில் ஏறாது.
ஒரு சில்லை நாக்கில் வைத்தேன்.
முதலில் சுண்ணாம்பு, பிறகு மெல்ல உப்பு.
கடலைத் தள்ளி நிறுத்தப் போன வண்டிக்குள்
கடல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அது கட்டிய சுவர் இன்னும் இருக்கிறதாம்.
அப்பால் தூர்த்துத் தூர்த்து
இப்போது அலை பார்க்க டாக்ஸி பிடிக்க வேண்டும்.
சுவரோரம் ஷவர்மா கடை, பிளாஸ்டிக் நாற்காலிகள்.

வாங்கிய கம்பெனி சொன்னது:
ஓட வேண்டாம், பூங்காவில் நின்றால் போதும்.
விசிலுக்கு ஸ்பீக்கர்.
புகைக்குக் கல்யாண மேடை மெஷின்.
புகைவண்டி என்ற சொல்லில்தான் புகை பாக்கி.
நூறு தாண்டிய வண்டிக்கு
எல்லாத் தாளிலும் முத்திரை விழுந்துவிட்டது.
குல்ஜமானுக்கு அறுபது, விசா மார்ச் வரை.
அவர்தான் மல்லுக்கு நின்றார்:
ஒரே ஒரு தடவை தீ.
பாய்லர் தாங்குமா என்று தெரியாமல்
எதில் கையெழுத்துப் போடுவது?

வெள்ளிக்கிழமை.
யார்டில் முப்பது மீட்டர் தண்டவாளம்.
பாலெட் கட்டை, நாலு மூட்டை கரி.
பக்கத்து ஷெட்டு ஆட்களெல்லாம்
போனை உயர்த்திக்கொண்டு வந்தார்கள்.
முள் ஆறு பாரில் நின்றது.
குல்ஜமான் ரெகுலேட்டரைத் தொட்டார்,
இழுக்கவில்லை, தொட்டார்,
பிறகு இழுத்தார்.
வண்டி பின்னால் போனது.
லீவர் எந்தப் பக்கம் கிடக்கிறதென்று
யாரும் பார்க்கவில்லை.
சிரித்து முடித்து, முன்னால் முப்பது மீட்டர்,
பின்னால் முப்பது, மறுபடி முன்னால்,
அஸர் பாங்கு கேட்கும்வரை.
விசிலுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
நான் போட்ட ஒட்டுகளில் ஒன்றுகூடக் கசியவில்லை.
தடவிப் பார்க்கலாம் என்றால் தோல் உரியும்.

சூட்டோடு பாய்லரைத் தனியே விடக் கூடாது.
கேம்ப் பஸ் போனது. நான் இருந்தேன்.
ஐந்து, நாலரை, மூன்று,
முள் இறங்க இறங்க
எங்கோ தகடு சுருங்கி டிக் என்றது.
அடியில் வந்து படுத்தது ஒரு பூனை,
வெதுவெதுப்பு தீர்ந்ததும் எழுந்து போனது.
மணி பன்னிரண்டரை.

டைம்ஷீட்டில் எழுதினேன்:
ஓவர்டைம், ஒன்பது மணி நேரம்.
வேலை விவரம்: ஆற விட்டது.
ஆபீஸில் சிவப்புப் பேனாவால் அடித்து
இரண்டு என்று போட்டிருக்கிறார்கள்.