வரைபடத்தில் இல்லாத மாடி

மேல் ரோட்டிலிருந்து வந்தால்
இரண்டு மாடி இறங்கி என் வீடு.
பஸ் ஸ்டாண்டுச் சந்திலிருந்து வந்தால்
மூன்று மாடி ஏறி.
"எத்தனாவது ஃப்ளோர் மேடம்?"
கொரியர் பையன் போனில் கேட்பான்.
"நீ எங்க நிக்கிறே?" என்பேன்.

குன்னூர்ச் சரிவில் சாய்ந்து நிற்கிற கட்டடம்.
பெயர் சில்வர் ஓக். மரம் கிடையாது.
லிஃப்டுக்கு விட்ட குழி உண்டு, லிஃப்ட் கிடையாது.
குழிக்குள் கதீஜாவின் காலி சிலிண்டர்,
ஃபிலோமினாவின் கால் உடைந்த தொட்டில்,
யாருடையதோ ஒரு மூட்டை கேரட்,
கேட்டால் யாருடையதும் இல்லை.

என் பின்சுவர் மலை.
உவமைக்காகச் சொல்லவில்லை,
ஆணி அடித்தால் செம்மண் உதிர்கிறது.
ஜூலையில் அந்தச் சுவர் வியர்க்கும்.
துவைத்த துணி ஆறு நாள் ஈரம்,
ஏழாம் நாள் நாற்றம்,
எட்டாம் நாள் தண்ணீர் வரும்,
மறுபடி துவைப்பேன்.

தண்ணீர் வருவது விடிகாலை மூன்றரைக்கு.
முதலில் குழாய் இருமும்.
கீழே சாக்லேட் காய்ச்சுகிறவர்கள் மோட்டார் போட்டால்
எனக்கு நூலாய் ஒழுகும்.
ஸ்பூனால் குழாயைத் தட்டுவேன்.
இரண்டு தட்டு: நிறுத்துங்க.
மூன்று: எனக்குப் போதும், போட்டுக்கோங்க.
அவர்கள் முகம் பார்த்ததில்லை.
அங்கே ஒருவருக்கு ஆஸ்துமா என்பது தெரியும்.

மேலே போஜராஜ், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன்,
ஹேண்ட்பிரேக் போடுவது போலக்
கதவை இழுத்துச் சாத்துவான்.
காட்டெருமை மேல் வாசலை அடைத்து நின்ற அன்று
எல்லோர் போனிலும் அவன் குரல்:
"யாரும் இந்தப் பக்கம் வராதீங்க. ஐயா நிக்கிறார்."
கட்டடம் முழுக்க அன்று கீழ்ச் சந்து வழியாகக்
கோகோ மணக்க மணக்க வேலைக்குப் போனது.

பிப்ரவரியில் நகராட்சியிலிருந்து இருவர்.
அனுமதி ஐந்து தளத்துக்கு.
நிற்பது ஆறு.
ஒருவர் கீழிருந்து எண்ணிக்கொண்டே ஏறினார்,
ஒருவர் மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினார்.
கீழே மூன்று, சரி.
மேலே இரண்டு, சரி.
என் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

வரைபடத்தை என் கதவில் வைத்து விரித்தார்கள்.
நான் இருக்கிற இடத்தில் ஒரு கோடு இருந்தது.
கொஞ்சம் தடித்த கோடுதான்.
அதற்குள் என் அடுப்பு,
மிதுனின் அறிவியல் நோட்டு,
எண்பதாயிரம் அட்வான்ஸ்.

திருப்பூரிலிருந்து ஓனர் போனில்:
"சொந்தக்காரங்கன்னு சொல்லிடும்மா.
எப்படியும் ஏப்ரல்ல காலி பண்ணிக் குடுத்துடணும்,
சீசனுக்கு நாள் வாடகை கேக்கறாங்க."
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மூத்தவர் நாலு போட்டோ எடுத்துவிட்டு
மூச்சு வாங்க மேலே போனார்.
இளையவர் போகவில்லை.
தாராபுரத்துக்காரர், மலைக்கு வந்து பதினோரு நாள்.
டேப்பைச் சுருட்டினார். இழுத்தார். மறுபடி சுருட்டினார்.
"வாடகை எவ்வளவுங்க?"
"ஒன்பது."
"தண்ணி?"
ஸ்பூனைக் காட்டினேன். புரியவில்லை.
"லாட்ஜ்ல இருக்கோம். கைக்குழந்தை.
இங்க வெயில் வருமா?"

அதிகாரியிடம் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தேன்.
வீடு தேடுகிறவரிடம் அது வாயில் வரவில்லை.
"பத்தே முக்காலுக்கு வரும்.
எதிர்க் கட்டடத்துக்கும் அவங்க டேங்குக்கும் நடுவுல
ஒரு இடுக்கு இருக்கு.
அடுப்படி ஜன்னல்ல, இந்த அளவுக்கு,
ஒரு பையன் சட்டை விரிக்கிற அளவுக்கு.
பதினொண்ணே காலுக்குப் போயிடும்."

அவர் மணி பார்த்தார். பத்தரை.
வரைபடத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார்.