அழுக்குக்கு ஒரு லேயர்

மூன்று வாரமாக ஒரு டிராமை
அழுக்காக்கிக்கொண்டிருக்கிறேன்.
வீடியோ கேமில் இரண்டே நிமிடம் வரும் டிராம்.
திரையில் பிறந்தபோது
பால்பல் மாதிரி இருந்தது;
வூச் நகரத்து நவம்பர்
அதன் மேல் ஒருநாளும் பெய்ததில்லை.

தூசிக்கு ஒரு லேயர்,
துருவுக்கு ஒன்று,
மழை வழிந்த தடத்துக்கு மூன்று.
பிரஷ்ஷின் அடர்த்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு
தரை மெழுகுவதுபோல் மெழுகினேன்.

பின்னால் வந்து நின்ற ஓதிலியா
"இது அழுக்கில்லை, பழுப்பு நிற வருத்தம்" என்றாள்.
"எங்கிருந்து வந்தேன் என்று
ஒவ்வொரு கறையும் சொல்ல வேண்டும்."

விடிகாலை ஐந்தே கால். பணிமனை.
தண்ணீர்க் குழாயோடு நின்ற ஸோரியானா
ஹார்கிவிலிருந்து வந்தவள், என் வயதுதான்.
"பூசுவதற்கா சம்பளம்?" என்றாள்.
ஆமாம்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவள் சிரிக்கவில்லை.
பிறகு, "பத்து நிமிடம். அப்புறம் தண்ணீர்."

பிரேக் தூள் சக்கரத்துக்குப் பின்பக்கம்தான் படிகிறது;
வண்டி எந்தப் பக்கம் போனதென்று
அழுக்குக்குத் தெரியும்.
படிகளில் சாலை உப்பு, பாதி காலணி வடிவத்தில்.
ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக நெற்றிப் பிசுக்கு,
தூங்கிப்போனவர்களின் உயரத்தில்.
ஒன்று மட்டும் வெகு கீழே,
அதனடியில் குட்டி மூக்கு.
எல்லோரும் தொடும் கம்பியில்
அழுக்கே இல்லை.
இத்தனை நாள் அங்கேதான்
அதிகம் அப்பியிருந்தேன்.

கதவுக்குக் கீழ்ப் பலகையில்
தூசியைக் கீறி விரலால் எழுதியிருந்தது,
இரண்டு சொல், போலிஷில்:
உங்க ஊருக்குப் போங்க.

கேமராவைத் தூக்கினேன்.
"அது வேண்டாம்" என்றாள் ஸோரியானா.
குழாயைத் திறக்கவில்லை.
சட்டைக்கையை இழுத்து உள்ளங்கையில் பிடித்து
ஒரே இழுப்பு, இடமிருந்து வலம்.
அதற்கப்புறம்தான் தண்ணீர்.
பத்து நிமிடத்தில் இன்னும் நான்கு மிச்சமிருந்தது.
நான் கேட்கவில்லை.

இரவு அலுவலகத்தில்
கம்பியைப் பளபளப்பாக்கினேன்.
குட்டி மூக்கை வைத்தேன்.
கீழ்ப் பலகையில் கனமாகத் தூசி போட்டு,
நடுவே ஒரு சட்டைக்கை அகலத்துக்கு அழித்தேன்,
இடமிருந்து வலம்.

ஓதிலியா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"நல்லா இருக்கே. இது எங்கிருந்து வந்தது?"
யாரோ துடைத்தது.
"எதை?"

லேயரைப் பூட்டினேன்.
பெயர் கேட்டது.
'தூசி 4' என்று போட்டேன்.