மணம்: உண்டு / இல்லை

குஹ்மோவுக்கு வடக்கே, மார்ச் மாதக் காடு.
பனி முழங்கால் வரை. வெயில் வெறும் பேருக்கு.
கையில் படிவம், கழுத்தில் உருப்பெருக்கி.
சாலையோரம் மரமறுக்கும் எந்திரம்
சூடு ஆறாமல் நிற்கிறது.
அதன் ஓட்டுநர் தாஹ்வோ கர்வோனென்
என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறான்.
கன மீட்டருக்கு இத்தனை என்று கூலி.
நான் நடக்க நடக்க அவனுக்கு நட்டம்.

பாதி செத்த வில்லோ மரம் ஒன்று,
இந்த வருடமும் துளிர்ப்பதா என்று
இன்னும் முடிவெடுக்காதது.
நெஞ்சு உயரத்தில்
குளம்பு போல ஒரு காளான்.

மேலே சாம்பல் படிந்த வெண்மை. சரி.
கீழே துளைகள், ஊசி குத்திய அளவு, உருண்டை. சரி.
அழுத்தினேன். விரல்தான் வலித்தது. சரி.
ஓரத்தில் கத்தி வைத்து ஒரு சீவல்:
அடுக்கின்மேல் அடுக்காய் ஏழு வரி.
வந்த வருடமே போய்விடும்
அந்த ஒன்றுவிட்ட தங்கை இல்லை இது.

மிச்சம் ஒரே கட்டம். மணம்.

காற்றில்லாத நாளில் முப்பதடி தள்ளியே
சோம்பு வாசம் கூப்பிடும் என்பார்கள்.
என்னையும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறது.
போன வருடக் காய்ச்சலில்
மூக்கு போனது.
காபி வெந்நீர். புகை வெறும் கண்ணெரிச்சல்.
அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாபகத்திலிருந்து 'உண்டு' என்று எழுதிவிடலாம்.
பேனா மை உறைந்திருந்தது,
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினேன்.
அதற்குள் வெட்கம் வந்துவிட்டது.

"தாஹ்வோ, கொஞ்சம் வாயேன்."
வந்தான். உதட்டடியில் அதக்கிய புகையிலையை
விரலால் வழித்துப் பனியில் எறிந்தான்.
மரத்தருகே முகத்தைக் கொண்டுபோனான்.
கண்ணை மூடினான்.
மூடியபடியே நின்றான், தேவைக்கு மேல்.
அவன் ஒன்றுமில்லை என்றால்
அதைத்தான் நான் எழுத வேண்டும்.
அது அவனுக்கும் தெரியும்.
எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தான்,
வங்கிக் கடிதத்தைப் பார்ப்பது போல.

பிறகு கேட்டான்:
"எத்தனை மீட்டர் விட்டு வெட்டணும்?"

உண்டு, என்று எழுதினேன்.
ஓரத்தில், இடமில்லாத இடத்தில், பொடியெழுத்தில்:
மூக்கு, தா. கர்வோனென்.

சிவப்பு நாடாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு
தானே கட்டப் போனான்.
ஐந்தாவது மரத்திலிருந்து கத்தினான்:
"இங்கேயும் வருது!
கிறிஸ்துமஸ் ரொட்டி, அடுப்பிலிருந்து இப்போ எடுத்த மாதிரி!"

காளானைத் தொட்ட கையுறையை
மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
குளிர்.
குளிர் மட்டும்தான்.