வலப்பக்கம் ஒன்பது

எஸ்பியர் துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகளைக்
கப்பலில் ஏற்றுகிறார்கள்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்
இரண்டு ஆட்களை
ஒரே அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பந்தம் ஒன்றுதான்.
நடுக்களத்துக்குத் தோர்கிலா, வில்லாஸா,
வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.
பயிற்சியாளர் ஹென்னிங்குக்கு ஒரு பக்கம் போதும்.
பச்சை அதிகம் உள்ளவன் இருப்பான்.

தொண்ணூறு நிமிடத்துக்குத் தோர்கில் எழுபத்தொரு பாஸ்.
நூற்றுக்கு எண்பத்தொன்பது போய்ச் சேர்கிறது.
பாதி பின்னாலும் பக்கவாட்டிலும்,
அடுத்த வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தனுப்புகிற மாதிரி.
வில்லாஸ் ஐம்பத்துநான்கு. எழுபத்தாறு விழுக்காடு.
தவறிய பதின்மூன்றில் ஐந்து
ஆள் ஓட வேண்டிய இடத்துக்குத்தான் போயின;
ஓட வேண்டியவன் போகவில்லை.
அந்தச் சிவப்பு யாருடையது?
மென்பொருள் கடைசியாகத் தொட்ட காலின் பேரில் எழுதிவிடுகிறது.

சரி, வேறொன்றை எண்ணலாமென்று தோன்றியது.
பந்து வருமுன் எத்தனை முறை
தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள்?
இதற்கொரு கருவி உண்டு. எங்களிடம் காசில்லை.
இரண்டாம் பிரிவில் கண்தான் கருவி.
கூரைமேல் கேமராவின் படம், நான்கு இரவு,
கம்பு ரொட்டி, ஆறிப்போன காபி,
இடத்தோளுக்கு ஒரு பொத்தான், வலத்தோளுக்கு ஒன்று.
ஏன் பிரித்தேன் தெரியாது.
இரண்டு விரல் சும்மா இருந்தது.

தோர்கில் இருநூற்று ஆறு.
வில்லாஸ் இருநூற்று முப்பத்தொன்று!
நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.
பிறகுதான் பிரித்துப் பார்த்தேன்.
இடம், இருநூற்று இருபத்திரண்டு.
வலம், ஒன்பது.

செப்டம்பர் ஆட்டத்தைத் தேடி எடுத்தேன். வலம் நூற்றுநான்கு.
அக்டோபரில் தொண்ணூற்றெட்டு.
நவம்பரில், தரை இறுகிய அந்த ஞாயிறு,
தலையால் முட்ட எழும்பியவன்
கழுத்து மடங்க விழுந்தான். எழுந்தான். கை தட்டினான்.
என் பதிவில் அது
வான்வழிப் போட்டி, வெற்றி. பச்சை.

அன்றிலிருந்து உடம்பு மொத்தத்தையும் திருப்புகிறான்,
கதவைப் போல.
அந்த அரை நொடித் தாமதம் அதனால்தான்.
எல்லா பாஸும் இடப்பக்கமே போவதும்.
அதைப் பாணி என்று போன மாதம் எழுதியது நான்தான்.

மனைவிக்குத் தெரியுமோ என்னவோ.
டாக்டருக்குத் தெரியாது.
அவன் கழுத்தை அறிந்தவள் நான்;
அவனோடு பேசியதென்றால்
உணவறையில் ஒருமுறை உப்பு கேட்டிருக்கிறேன்.

கூட்டி எழுதினால் பொய்யில்லை.
இருநூற்று முப்பத்தொன்று சுத்தமான உண்மை.
பிரித்து எழுதினாலும் உண்மைதான்.
அந்த இன்னொரு உண்மைக்கு அப்புறம்
முப்பத்தொரு வயதுக்காரனை எந்த கிளப் எடுக்கும்?

வெள்ளி மாலை கூட்டுத்தொகையை அனுப்பினேன்.
அதற்கு முன் அவனுக்கு:
நவம்பர் முதல் வலப்பக்கம் ஒன்பது.
டாக்டரிடம் நீயே போ. திங்கள்வரை சொல்ல மாட்டேன்.
படித்துவிட்டான் என்று காட்டியது போன்.
பதில் இல்லை.

ஞாயிறு. மேல்காற்று.
மூலைக்கொடி நான்கும் கிழக்கே படுத்துவிட்டன.
பதினொரு வருடமாக இந்த மைதானத்தில்
மடியில் கணினியோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவள்.
அறுபத்தெட்டாம் நிமிடம், வில்லாஸின் காலில் பந்து,
வலப்பின்னால் எதிரணியின் எட்டாம் எண் முழு வேகத்தில்,
எழுந்து கத்திவிட்டேன்.
முன்வரிசைக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.
கணினி படிக்கட்டில் விழுந்து இரண்டு படி உருண்டது.

அவன் திரும்பினான்.
எந்தத் தோளில் என்று
பதிவில் இல்லை.