நாற்பத்தேழு உருப்படி

காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று
பிற்பாடு டிவியில் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்த கணக்கு வேறு.
மூன்று மணிக்கு என் இஸ்திரி வண்டி
ஆண்டாப் ஹில் முக்கில் நின்றது.
மூன்றேகாலுக்கு அதன்மேல் குல்மோஹர் கிடந்தது,
பூவும் பிஞ்சுமாக.
பெட்டிக்குள் கரி கனன்றபடியே இருந்தது.
மழை உள்ளே இறங்கியதும் சுர்ரென்று ஒரு சத்தம்.
பதினோரு வருஷத் தொழில், அவ்வளவுதான்.

தார்ப்பாயில் சுற்றிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
நாற்பத்தேழு உருப்படி. எல்லாம் காலனிக்காரர்கள் துணி.
"என் கையைப் பிடிக்கல, மூட்டையைத்தானே பிடிச்ச"
என்று மாரிச்செல்வி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

சாயங்காலம் எங்கள் பத்ரா பறந்தது.
யார் வீட்டுப் பத்ராவோ வந்து வாசலில் செருகி நின்றது.
நாலா ஏறி உள்ளே வந்து
செருப்புகளை அழைத்துக்கொண்டு போயிற்று.
ஏணி வழியாக ஷம்ஷாத்தின் மேல் கோலிக்கு
பதினோரு பேர் ஏறினோம்.
அவளுடைய எட்டு மாதப் பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது.
அங்கே உலர்ந்தது என்று இருந்தது
என் மூட்டை ஒன்றுதான்.
அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று.
முடிச்சு லேசாகத்தான் போட்டிருந்தேன்.

பிள்ளையை டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் சுற்றினோம்.
மாரிச்செல்விக்கு ஒரு ஆபீசர் பேண்ட், இடுப்பில் கயிறு.
ஷம்ஷாத்துக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவை.
வாட்ச்மேன் காட்கேவுக்கு
குல்கர்ணி சாரின் வெளிர்நீலச் சட்டை.
கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு
"எல்லாருக்கும் சர்க்கார் வேலை கிடைச்சாச்சு" என்றார்.
சிரித்தோம். அந்த ராத்திரியில்
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

விடியுமுன் காற்று தணிந்த மாதிரி இருந்தது.
பம்ப் ரூமை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
இறங்கினார்.
தண்ணீருக்குள் கம்பி அறுந்து கிடந்தது.

காலர் உள்பக்கம் வீட்டு எண்ணை
அழியாத மையில் எழுதுவது என் வழக்கம்.
ஏழு பை இருநூற்று நாலு.
போலீஸ் அதைப் படித்து அந்த வீட்டு மணியை அடித்தது,
"இந்த வீட்டு ஆள் இறந்துபோனார்" என்று சொல்ல.
கதவைத் திறந்தது குல்கர்ணி சார்.

மூன்றாம் நாள் சாத்தாராவிலிருந்து
காட்கேவின் மனைவி வந்தாள்.
சயன் ஆஸ்பத்திரியில், முகத்தைப் பார்க்கப் பயந்து
முதலில் சட்டையைப் பார்த்தாள்.
மராட்டியில் சொன்னாள்: இது அவருடையது இல்லை.
இப்படிச் சட்டை அவரிடம் கிடையாது.
ஒரு நொடி அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.
அதை அணைத்தவள் நான்.
"நான்தாம்மா குடுத்தேன்."

தலாட்டி படிவத்தோடு வந்தார்.
வண்டி ஒன்று. பெட்டி ஒன்று. தகடு பதினாறு.
எழுதிக்கொண்டே வந்தார்.
சட்டை ஒன்று என்றேன்.
உன்னுடையதா?
இல்லை.
பேனாவை மூடிவிட்டார்.

மிச்சம் நாற்பத்தாறையும் துவைத்து
இரவல் பெட்டியில் தேய்த்து வீடு வீடாகக் கொடுத்தேன்.
கோட்டில் பால் கக்கிய கறை போகவில்லை.
டாக்டரம்மா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
புடவைக்காரி முகர்ந்து பார்த்துவிட்டு
"நீயே வைத்துக்கொள்" என்றாள்.
அது இரக்கமா அருவருப்பா,
கட்டிக்கொள்ளும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

குல்கர்ணி சாரிடம் சட்டைக்குப் பணம் நீட்டினேன்.
பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு
வேண்டாம் என்றார். போகத் திரும்பியபோது
"அவருக்குச் சரியாக இருந்ததா?"
"தோளில் கொஞ்சம் தொளதொளப்பு."
தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து துணி வருவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் மேசை போட்டு
அவரே தேய்க்கிறார்.
என் புது வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும்.
கை மடிப்பு கோணல்.
காலரை மட்டும்
திருப்பித் திருப்பித் தேய்க்கிறார்.