தற்காலிகம்

கம்பேச்சே வளைகுடாவின் உப்புக் காற்றுக்கு
வேறு வேலை இல்லை போல.
சேற்றுத் தொட்டிக்கு மேலே
பதினாலாம் எண் உணரியின் மூக்கில் ஏறி
வாயு, வாயு என்று அலறவைக்கும்.
பதினோரு இரவு.
பதினோரு இரவும் எழுபத்தெட்டுப் பேர்
ஒரு காலில் செருப்போடு
உயிர்ப்படகு ஓரம் நின்று
கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

புது உணரி கேட்டு மக்காரியா எழுதினாள்.
நான்கு முறை எழுதினாள்.
"அடுத்த காலாண்டில்" என்றது
கரையிலிருந்த குளிரூட்டிய அறை.
கிணற்றுக்குக் காலாண்டு தெரியாது.
நாலு கிலோமீட்டர் கீழே அது
தன்பாட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாலை
சமையல்காரர் பௌதேலியோ வந்தார்.
முட்டை உடைக்கும்போது கை நடுங்குகிறதாம்.
துளைக்குழாய் பிடிக்கும் நிக்கானோர்
எதுவும் கேட்கவில்லை;
சாப்பாட்டு மேசையில் கரண்டியோடு தூங்கிவிட்டான்.
அவனைப் பார்த்துத்தான் சாவியைத் திருப்பினாள்.
கால் திருப்பு. க்ளிக்.
மஞ்சள் நாடா ஒட்டி அதில் எழுதினாள்: தற்காலிகம்.
மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டாள்.
போட்டார், படிக்காமல்.

அன்றிரவு எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.
இதை அவள் விசாரணையில் சொன்னபோது
ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இறக்கிய சேற்றைவிட ஏறிய சேறு அதிகம்.
அடைப்பானின் எஃகுத் தாடைகள்
பாதி கடித்து நின்றுவிட்டன,
தொண்டையில் எலும்பு மாட்டிய நாய்போல.
பிறகு வெளிச்சம்.
நிக்கானோரையும் சேர்த்து ஒன்பது பேர்.

எண்ணெய் என்று நாம் சொன்னது எள்ளின் நெய்யை.
இதில் எள் இல்லை.
எள் இல்லாமலேயே, வெறும் தண்ணீரோடு,
நாற்பத்தாறு நாள்
கடல் யாருக்கோ நீத்தார் கடன் செய்துகொண்டிருந்தது.
மெல்லிய படலம்தான் என்றது அறிக்கை.
கண்ணில் வளர்வதற்கும் அதுதான் பெயர்.

இஸ்லா அகுவாதா கரையில் இறால் படகுகள்
கட்டிப்போட்ட கழுதைகளாய் நின்ற இடத்திலேயே ஆடின.
நஷ்டஈட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி:
பிடிக்காத இறாலுக்கு ரசீது உண்டா?
கரை ஒதுங்கியவற்றில் ஒரு பலகை.
விபத்தில்லாத நாட்கள்: அறுநூற்றுப் பன்னிரண்டு.
யாரோ அதில் செத்த மீன்களை அள்ளினார்கள்.

மக்காரியா பெயர் கொடுக்காமல் வரிசையில் சேர்ந்தாள்.
ஒரு மண்வெட்டி, இரண்டு வாளி.
முட்டையிட வந்த ஆமை
தாருக்குள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.
அதன் கண்ணை மட்டும் துடைத்தாள்.
பார்த்ததா, தெரியாது.
கூழைக்கடா ஒன்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது,
ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோல.

மதியம் யூஸ்தோலியா வந்தாள், இறால் உரிப்பவள்,
மூன்று மாதமாய் உரிக்க இறால் இல்லாதவள்.
பனிக்கட்டி போட்ட புளித்தண்ணீர் கொடுத்தாள்.
"சோப்பில் போகாது, இங்கே காட்டு."
கையைப் பிடித்து இழுத்து
சமையல் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள்.
முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை.
கறுப்பு இளகி வடிந்தது.
விரல் விரலாக வந்தாள்.
கட்டைவிரலுக்கு வந்ததும்
மக்காரியா கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்கே மணி ஏதும் இருக்காதா?
எங்கள் தெரு ரொட்டிக் கடையிலேயே
புகை வந்தால் ஒன்று கத்துமே."

அடித்தது, என்றாள் மக்காரியா.
பதினோரு இரவு அடித்தது.
பிறகு நான் நிறுத்தினேன்.

யூஸ்தோலியா எண்ணெய்ப் புட்டியை மூடினாள்.
கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தாள்.
கரையில் யாரோ வாளிக்காகக் கத்தினார்கள்.
மூடியைத் திறந்தாள்.
"கட்டைவிரலைக் காட்டு" என்றாள்.