கோளாறு

என் வேலை புள்ளி எடுப்பது.
கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும்.
மேலே, தோலுரித்த மீன்துண்டு
ஒளி ஊடுருவக் கிடக்கும்.
சதைக்குள் சுருண்ட புழு கறுப்பாய்த் தெரியும்.
இடுக்கி. இழு. அடுத்தது.
பத்தொன்பது வருடம்.
வெளிச்சத்தில் கறுப்பாய் எது இருந்தாலும்
விட்டுவைக்கக் கூடாதென்று
என் விரல்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் ஆறு. இரவு ஷிஃப்ட்.
இந்த மாதத்தில் எங்கள் ஊரில் இரவு
சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்டு.
பேரண்ட்ஸ் கடலின் வட விளிம்பில்
உட்காரச் சொல்லியும் உட்காராத விருந்தாளியாய்ச்
சூரியன் நின்றுகொண்டே இருக்கும்.
ஏப்ரல் கடைசியோடு நட்சத்திரங்கள் போய்விட்டன.
ஆகஸ்டில் வரும்.

மணி ஒன்றரை.
பட்டை பழுதுபார்க்கும் டோர்கில்ஸ் வந்தான்,
கக்கத்தில் வெல்டிங் முகமூடி.
"பதினாலாம் நம்பர் கண்ணாடி, கண்ணுக்கு ஆகாதது ஒன்றுமில்லை.
வெள்ளி உள்ளே வந்துவிட்டது" என்றான்.
மேற்பார்வையாளர் குன்வால்டு கடிகாரத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.
பட்டை நின்ற பிறகுதான்
அது இத்தனை காலம் போட்ட சத்தம் கேட்டது.

பதினோரு பேர், ஒரு முகமூடி.
ரப்பர் பூட்ஸோடு, தலையில் வலைத்தொப்பியோடு,
மீன்தலைகள் காயும் பரண் ஓரமாய் வரிசை.
ஆளுக்குப் பத்து மூச்சு.
ஹால்டிஸ் எண்ணினாள், கறாராக.
லித்துவேனியாவிலிருந்து வந்த ஜிவிலே
"இதோ, இதோ!" என்று கத்தினாள்.
அது கடற்புறா.
சிறகடித்துச் சூரியனை விட்டு வெளியே போயிற்று.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
இன்னும் நாலு மூச்சு திருடிக்கொண்டாள்.

என் முறை.
உள்ளே இருட்டு, அடுத்தவர் வியர்வை.
அப்புறம் பாசிப்பச்சையாய் ஒரு வட்டம்,
சட்டைப் பொத்தான் அளவு.
மற்றவர்கள் தேடினார்கள்.
நான் தேடவில்லை.
விளிம்புக்குச் சற்று உள்ளே
இருந்தது,
ஊசி குத்திய இடம் போல.

பெயர் வெள்ளி. நிறம் கரி.
ஆறு வாரத்தில் நான் பார்த்த முதல் நட்சத்திரம்
(நட்சத்திரம் இல்லை என்று தெரியும், இருந்தாலும்).
எத்தனை விடியலில் மின்னியிருக்கிறது, நான் நிமிர்ந்ததில்லை.
இப்போது, துளி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்போது,
அண்ணாந்து நிற்கிறேன்.
வலது கையில் இடுக்கி.
வைத்துவிட்டு வர மறந்திருக்கிறேன்.
அதன் வாய் தானாக மூடித் திறந்தது, ஒரு தடவை.
"பத்து" என்றாள் ஹால்டிஸ்.

"அடுத்தது எப்போது?" யாரோ கேட்டார்கள்.
டோர்கில்ஸ் பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்தான்.
"இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. டிசம்பர்."
ஹால்டிஸ் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"டிசம்பரில் நமக்குச் சூரியன் ஏது?"
அவன் யோசித்திருக்கவில்லை. தாளில் விரலை இறக்கினான்.
"எட்டு வருடம் கழித்து இன்னொன்று.
அடடா, அதுவும் டிசம்பர்."
"அதற்கு அப்புறம்?"
"இருநூற்று முப்பத்தைந்து வருடம். ஜூன். மதியம்."
"பகல் ஷிஃப்ட்காரனுக்கு எப்போதும் அடிக்கிறது யோகம்"
என்றார் குன்வால்டு.

அதற்குப் பிறகு கடல்தான் பேசியது.

கடைசியாக அவர் முகமூடியை வாங்கினார்.
ஹால்டிஸ் எண்ணவில்லை.
நான் மனசுக்குள் எண்ணினேன்,
நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.
முகமூடியைத் திருப்பிக் கொடுத்தபோது
நெற்றியில் பட்டையின் தடம், சிவப்பாய்.
உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதினார்.
நிறுத்தம்: ஒன்பது நிமிடம்.
காரணம்: கோளாறு.

பட்டை ஓடத் தொடங்கியது.
முதல் துண்டில், வால் பக்கம், ஒரு புள்ளி.
எடுத்தேன்.
இரண்டாவதில் ஒன்றும் இல்லை,
சுத்தமான வெளிச்சம்.
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்,
மூன்றும் நான்கும் வந்து முட்டி நிற்க,
ஜிவிலே முழங்கையால் இடிக்கும்வரை.